‘அது எப்படி டீச்சர் தெரியும்?’

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை இயற்பியல் ஆசிரியை. பிளஸ் ஒன் வகுப்பாசிரியையும் நான்தான். போன மாதம் வகுப்பில் கீழடி பற்றிப் பேச்சு வந்தது. “2,600 வருஷம்னு கார்பன் டேட்டிங்கே சொல்லுது டீச்சர்” என்றான் ஒரு மாணவன். “அதெல்லாம் கட்டுக்கதைன்னு யூடியூப்ல ஒருத்தர் ஆதாரத்தோட போட்டிருக்கார்” என்றான் இன்னொருவன். இருவரும் குரலை உயர்த்தவும், நன்றாகப் படிக்கிற ஒரு பெண் எழுந்து, “எல்லாமே அவங்கவங்க கருத்துதானே, எதுக்குச் சண்டை?” என்றாள். வகுப்பே கை தட்டியது. எனக்கு முதல் இருவரைவிட அவள் சொன்னதுதான் உறுத்தலாக இருக்கிறது. அதை மறுத்து உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை.

என் அண்ணன் மகன் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கிறான். ‘நமக்குத் தெரிந்தது எப்படித் தெரிய வந்தது’ என்பதற்கே அங்கே தனிப் பாடம் இருக்கிறதாம். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. பிளஸ் டூ பொதுத் தேர்வு, நீட் என்று ஓடுகிற ஓட்டத்தில் இதற்கு நேரமும் இல்லை. எங்கே தொடங்குவது?

– ஆசிரியை, திருப்பூர் மாவட்டம்

பதில்: உறுத்த வேண்டியதுதான் உறுத்தியிருக்கிறது. முதல் இருவரும் ஏதோ ஒன்றை ஆதாரம் என்று நம்பிப் பேசுகிறார்கள். அவர்களோடு வாதாட இடமிருக்கிறது. அந்தப் பெண் வாதமே வேண்டாம் என்கிறாள். அவளைக் கோபிக்கவும் முடியாது. பத்து வருடம் ‘புக்ல போட்டிருக்கு, அதனால சரி’ என்று படித்த பிள்ளை, படித்தவர்களே ஒருவரை ஒருவர் மறுப்பதைப் பார்த்தால் வேறு எங்கே போய் நிற்கும்? புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கும், எல்லாம் கருத்துதான் என்று கையை விரிப்பதற்கும் அடியில் இருக்கும் குறை ஒன்றே. ஒரு செய்தி எந்தெந்தக் கைகள் வழியாக வந்து பாடமாயிற்று என்பதை அந்தப் பிள்ளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஆகவே, ‘எதையும் கேள்வி கேள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யூடியூப் பையன் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்! சந்தேகப்படுவது எளிது. என்ன பதில் வந்தால் சந்தேகம் தீரும் என்று சொல்லத் தெரிவதுதான் கடினம். அந்தப் பதில் கணிதத்தில் ஒரு மாதிரி இருக்கும், இயற்பியலில் வேறு மாதிரி, தொல்லியலில் இன்னொரு மாதிரி. பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியது இது ஒன்றுதான்: இந்தத் துறையில் எதை ஆதாரம் என்கிறார்கள், எது வந்தால் முடிவை மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் அண்ணன் மகன் படிப்பது சர்வதேச பாக்கலரியேட் டிப்ளமோவாக இருக்க வேண்டும். வரலாறு, மனித அறிவியல், இயற்கை அறிவியல், கணிதம், கலைகள் என்ற ஐந்து துறைகளிலும் அறிவு எப்படி உருவாகிறது என்று அவர்கள் படிக்கிறார்கள். முடிவில் 1,600 சொற்களுக்கு மிகாமல் ஒரு கட்டுரை, மூன்று பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனிப் பாடமாகி, அதற்கு மதிப்பெண்ணும் வந்துவிட்டால், எந்தக் கேள்விக்கும் ‘ஒரு பக்கம் பார்த்தால் அப்படி, மறுபக்கம் பார்த்தால் இப்படி’ என்று வழவழவென எழுதும் பழக்கமும் கூடவே வரும். அந்த வேலையை அந்தந்தப் பாட ஆசிரியரே, அந்தந்தப் பாடத்துக்குள்ளேயே செய்வது மேல் என்பது என் எண்ணம். தனி பீரியடுக்கு நீங்கள் தலைமையாசிரியரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

உங்கள் ஆய்வகத்திலேயே தொடங்கலாம். பிளஸ் ஒன் செய்முறையில் தனி ஊசல் இருக்கிறது: நூலில் தொங்கும் குண்டு, ஸ்டாப் வாட்ச், 20 அலைவுகளுக்கான நேரம், அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம். பிள்ளைகள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விடை 9.8 என்று முதலிலேயே தெரியும். கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, அதற்குத் தோதான நேரங்களை அட்டவணையில் நிரப்பிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டுக்கும் கையெழுத்து விழுந்துவிடும். அறிவைப் பற்றி நம் பள்ளிகள் கற்பிக்கும் முதல் பாடம் இதுதான்: விடை முன்பே இருக்கிறது, அளப்பது சடங்கு. இதை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த முறை, யாரும் யாருடனும் பேசுவதற்கு முன், எல்லாக் குழுக்களின் விடைகளையும் பெயர் போடாமல் கரும்பலகையில் எழுதுங்கள். 9.6 இருக்கும், 9.7 இருக்கும், 9.9 இருக்கும், எங்காவது ஒரு 10.9 கூட இருக்கும். சிரிப்பு அடங்கட்டும். பிறகு ஸ்டாப் வாட்ச்சைப் பற்றிக் கேளுங்கள். ஒரு மீட்டர் நூல் என்றால் 20 அலைவுகளுக்குச் சுமார் 40 விநாடி. பொத்தானை அழுத்தும் கட்டைவிரல் 0.2 விநாடி முன்பின் ஆவது சகஜம். அது 40-இல் அரை சதவீதம். சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் ஒரு சதவீதம், அதாவது ஏறக்குறைய 0.1. இந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 9.7-க்கும் 9.9-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83 என்பது உலகம் அறிந்த வேறுபாடு. அதை உங்கள் ஆய்வகம் கண்டுபிடிக்கவே முடியாது. 9.80 என்று இரண்டு தசம இடத்துக்கு எழுதும் மாணவன் தன்னால் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதுகிறான். ‘9.8, கூடக் குறைய 0.1’ என்று எழுதுபவனுக்குத்தான் அளவீடு பற்றி ஏதோ தெரியும்.

இனி அந்த 10.9. அந்தக் குழு பெரும்பாலும் குண்டை விட்ட நொடியிலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருக்கும். ‘சைபர்’ என்று தொடங்கியிருக்க வேண்டும். 19 அலைவை 20 என்று எண்ணினால் அலைவு நேரம் ஐந்து சதவீதம் குறையும், விடை 10.9-க்குப் பக்கத்தில் போகும். 9.6 வந்த குழு நூலைக் கொக்கி வரைக்கும் அளந்துவிட்டு, குண்டின் மையம் வரையுள்ள இரண்டு சென்டிமீட்டரை விட்டிருக்கலாம். இவற்றை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அவர்களைத் தேட விடுங்கள். காரணத்தை ஊகித்து, அந்தப் பிழையை வேண்டுமென்றே மறுபடி செய்து, அதே எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் ஊகம் தேறியது. வராவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். ‘அவரவருக்கு அவரவர் விடை’ என்ற பேச்சு அந்த மேசையருகே எழாது. ‘புத்தகத்தில் இருப்பதால் 9.8’ என்ற பேச்சும்தான்.

அதே வாரத்தில் கணித ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டுகளாகும்? இரண்டு புள்ளிக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு எத்தனை என்றால் வகுப்பே 32 என்று கத்தும். வரைந்து எண்ணினால் 31. (ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்துவிடாதீர்கள். மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டு 30 ஆகிவிடும். கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள்.) ஐந்து புள்ளி வரை சரியாக வந்தது ஆறாவது புள்ளியில் கவிழ்ந்துவிட்டது. ஊசலை ஐந்து முறை ஆட்டி ஒரே விடை வந்தால் இயற்பியலில் நம்பிக்கை கூடும். கணிதத்தில் ஐந்து லட்சம் முறை வந்தாலும் அது நிரூபணம் ஆகாது. ராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றியும் சில முடிவுகளைச் சொல்லியிருந்தார். அவருடைய மற்றச் சூத்திரங்களைக் கண்டு வியந்த அதே ஹார்டி, பகா எண் பகுதியில் தவறு இருப்பதையும் காட்டினார். அப்பேர்ப்பட்ட உள்ளுணர்வுக்கே கணிதத்தில் சலுகை கிடையாது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ராமானுஜன் மீது மதிப்புக் குறையாது, நிரூபணத்தின் மீது மதிப்புக் கூடும்.

பெரியவர் சொன்னால் சரியா என்ற கேள்விக்கு உங்கள் பாடத்திலேயே நல்ல கதை ஒன்று இருக்கிறது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்பது ராலே பிரபுவின் கருத்து. இயற்பியலில் அவர் சொல்லுக்கு அன்று இருந்த செல்வாக்கு கொஞ்சமல்ல. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், சட்டைப்பைக்குள் அடங்கும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். ராலே சொன்னது சரியென்றால் நீலம் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை, இன்னும் செறிவாகத் தெரிந்தது. ஆக, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. ராமன் ராலேயை எதிர்த்தார் என்று இதை வீரக்கதையாகச் சொல்ல வேண்டாம். இரண்டு விளக்கங்களில் எது என்று பிரித்துக் காட்டக்கூடிய ஒரே ஒரு பார்வையை அவர் தேர்ந்தெடுத்தார், அதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது கீழடி. உங்கள் வகுப்புச் சண்டைக்கே வருவோம்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 2018-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வின் கரிம மாதிரிகள் ஆறு, அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்றும் காலம் வந்தது. 2019-இல் அறிக்கை வெளியானது. ‘2,600 வருஷம்’ என்று உங்கள் மாணவன் சொன்னது இதைத்தான்.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. அதை வகுப்பில் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டுங்கள். முதல் கண்ணி இயற்பியல், உங்கள் கோட்டை: கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். வில்லார்டு லிபி 1949-இல் உலகுக்குக் காட்டிய, 1960-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த முறை. இதில் தகராறு செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது கண்ணி அளவுத்திருத்தம். காற்றில் கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் மர வளையங்களைக் கொண்டு தயாரித்த வளைகோட்டில் வைத்துத்தான் ஆண்டைப் படிக்க வேண்டும். அந்த வளைகோடு ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாகக் கிடக்கிறது. அந்த நாலு நூற்றாண்டுகளில் இறந்த மரம் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். 580 அந்தத் தட்டையான பகுதிக்குள்தான் விழுகிறது. ஆகவே ஒற்றை எண்ணைக் கேட்காமல் ‘எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை?’ என்று கேட்பதே முறை. ஊசலில் 0.1 எழுதிய பிள்ளைக்கு இது உடனே புரியும். மூன்றாவது கண்ணி மண்ணடுக்கு. கார்பன் சொல்வது கரித்துண்டு எப்போது உயிரோடு இருந்தது என்பதை மட்டுமே. பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் வயதையோ அதில் கீறிய எழுத்தின் வயதையோ அது சொல்லாது. கரியும் ஓடும் ஒரே அடுக்கில், கலையாத மண்ணில் கிடந்தன என்று அகழாய்வாளர் பதிவு செய்திருப்பதே இரண்டையும் இணைக்கிறது. நான்காவது கண்ணி பொருள் கொள்வது: ஓடும் செங்கல் சுவரும் உறைகிணறும் இருந்தால் அது நகரமா, பெரிய ஊரா, தொழிற்கூடமா?

இனி யூடியூப் வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். ஒரே கேள்வி: இந்த மனிதர் எந்தக் கண்ணியில் கை வைக்கிறார்? ‘கார்பன் முறையே மோசடி’ என்றால், உலகம் முழுக்க அதே முறையில் கணித்த ஆயிரக்கணக்கான காலங்களையும் அவர் மறுக்க வேண்டியிருக்கும். ‘ஒரு மாதிரியை வைத்து இவ்வளவு பெரிய முடிவா?’ என்றால் அது நியாயமான கேள்வி, இன்னும் மாதிரிகள் வேண்டும். ‘எழுத்தின் காலத்தை அடுக்கை வைத்துச் சொல்கிறார்களே’ என்றால் அதுவும் தொல்லியலாளர்கள் தங்களுக்குள்ளேயே விவாதிக்கும் விஷயம். எந்தக் கண்ணியையும் தொடாமல் நோக்கத்தை மட்டும் வசைபாடினால் அதில் விவாதிக்க எதுவும் இல்லை. ‘2,600’ என்று மார்தட்டிய மாணவனுக்கும் இதே நான்கு கேள்விகள். பெருமைக்காக ஆதாரத்தைத் தளர்த்துவதும் வெறுப்புக்காக இறுக்குவதும் ஆய்வுக்கு ஒரே அளவு கேடு. பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள், நீங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துகிறீர்களா என்று.

வரலாற்றில் எப்போது நம்பிக்கை வலுக்கிறது என்பதற்கு ஜம்பையைச் சொல்லுங்கள். அசோகரின் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்ற ஒருவரையும் குறிப்பிடுகிறது. அவர் யார் என்று அறிஞர்கள் நீண்ட காலம் ஆளுக்கொன்று சொல்லிவந்தார்கள். 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு தமிழி கல்வெட்டு கிடைத்தது. அதில் சத்தியபுத்திரர் என்ற அதே பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், அவன் கொடுத்த உறைவிடத்தைப் பற்றிய செய்தி. ஔவையார் பாடிய தகடூர்த் தலைவன் அதே பெயருக்குரியவன். வட இந்தியப் பேரரசரின் ஆணை, ஒரு குன்றின் கல்லெழுத்து, சங்கப் பாட்டு என ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஒரே மூலத்தைப் பார்த்து நூறு பேர் எழுதியிருந்தாலும் அது ஒரு சாட்சிதான். நூறு வாட்ஸ்அப் குழுக்களில் வந்த ஒரே செய்தியும் அப்படித்தான்.

குமரிக்கண்டம் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே எடுங்கள், தவிர்க்காதீர்கள். ஒரு துறை இன்னொரு துறையிடம் ஆதாரத்தைக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் இல்லை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் நெருங்கிய உறவுள்ள விலங்கினங்கள் இருப்பதற்குக் காரணம் தேடிய ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், இடையில் மூழ்கிய ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என்று 1864-இல் எழுதினார். லெமூர் என்ற விலங்கின் பெயரால் அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைக்கு அது கற்பனை அல்ல, நியாயமான ஊகம். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நம்மிடம் ஏற்கெனவே இறையனார் அகப்பொருள் உரையிலும் அடியார்க்குநல்லார் உரையிலும் கடல்கொண்ட நிலம் பற்றிய செய்தி இருந்தது. இரண்டும் சேர்ந்தன. உரைக்கு விலங்கியல் சாட்சி சொல்வதுபோல் ஆயிற்று. பிறகு வேகனர் 1912-இல் முன்வைத்த கண்ட நகர்வு, கடலடி ஆய்வுகளின் துணையோடு 1960-களில் நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மூழ்கிய கண்டம் தேவையில்லாமல் போயிற்று. விலங்கியலும் நிலவியலும் தங்கள் சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. கடன் வாங்கியவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை.

இங்கேயே நிறுத்தினால் பிள்ளைகள் மனம் புண்படும், விஷயமும் அரைகுறையாகும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை நிலமாகக் கிடந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கடற்கரை நிலங்களைக் கடல் விழுங்கியது என்பது பொய்யல்ல. அவ்வளவு பழைய நினைவு உரைகாரர்கள் காலம்வரை வந்து சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். உரைகள் இலக்கிய வரலாற்றுக்கு அரிய ஆவணம். நிலவியலுக்கு ஆவணம் அல்ல.

தமிழாசிரியரையும் விட்டுவிடாதீர்கள். ‘கவிதைக்கு யார் எந்தப் பொருள் வேண்டுமானாலும் சொல்லலாம்’ என்பதுதான் மூன்றாவதாகப் பேசிய உங்கள் மாணவியின் கடைசிப் புகலிடமாக இருக்கும். 43-ஆம் குறளில் வரும் தென்புலத்தார் யார்? இறந்த முன்னோர் என்கிறார் பரிமேலழகர். தென்னாட்டு மக்கள் என்று பிற்காலத்தில் சிலர் கொண்டார்கள். இரண்டும் கருத்துதானே? புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டைத் திறக்கச் சொல்லுங்கள். தென்புலத்தில் வாழ்பவர்க்குக் கடன் செலுத்தும் புதல்வர்களைப் பற்றி அங்கே பேச்சு வருகிறது. பிள்ளை பெற்றுத்தான் செலுத்த வேண்டிய கடன் யாருக்குரியது என்று வகுப்பே சொல்லிவிடும். தராசு பரிமேலழகர் பக்கம் சாய்கிறது. நாளை வேறொரு பழம்பாட்டு வந்தால் மறுபக்கம் சாயவும் கூடும். இலக்கியத்தில் நிரூபணம் இல்லைதான், ஆனால் மேலான வாசிப்பு, பலவீனமான வாசிப்பு உண்டு.

சமூக அறிவியலுக்கு ஒரு காகிதத்துண்டு போதும். தினம் எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லுங்கள். அதே கேள்விக்குப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்கள். ஊசல் குண்டுக்குத் தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் கிடையாது, மனிதனுக்கு உண்டு.

‘அப்படியென்றால் நான் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் நம்புவேன்’ என்று ஒருவன் கிளம்புவான். எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். மணிமேகலையில் சமயக் கணக்கர்கள் வரும் காதையில் ஒரு பூதவாதி இதையே சொல்கிறான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனைக் கேட்கிறாள். உங்கள் மாணவனிடம் பிறந்த தேதியைக் கேளுங்கள். அவன் பார்த்தானா? அம்மா சொன்னார், ஆஸ்பத்திரிப் பதிவேடு சொன்னது. காட்சி, அனுமானம், நம்பத்தக்கவர் சொல் என்று அறிவு வரும் வழிகளை அளவை என்ற பெயரில் நம் தர்க்க நூல்கள் வகுத்திருக்கின்றன. அதே காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிறர் சொல்தான். ஆகவே யார் சொல்லை ஏற்பது என்பதுதான் இந்தப் படிப்பின் நடுப்பகுதி. சொல்பவருக்கு அது தெரிய வழி உண்டா? பொய் சொல்ல அவருக்குக் காரணம் உண்டா? அவர் தவறினால் திருத்தக்கூடியவர்கள் சுற்றி இருக்கிறார்களா? மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். ஒரு விஞ்ஞானி நல்லவர் என்பதால் அறிவியலை நம்புவதில்லை, அவர் தவறைப் பிடிப்பதில் பெருமை காணும் போட்டியாளர்கள் இருப்பதால் நம்புகிறோம்.

இணையத்துக்கென்று ஒரு பழக்கம் மட்டும் தனியாகக் கற்றுக்கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே வலைத்தளங்களை எடைபோடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, தோற்றத்தையும் மேற்கோள்களையும் ஆராய்ந்து பல நேரம் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வெளியே போய், இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வீடியோவை முழுதும் பார்த்து மூளையைக் கசக்குவதற்கு முன், அதைப் போட்டவரைப் பற்றி வேறு இடத்தில் ஐந்து நிமிடம் தேடுவது பலன் தரும்.

நேரம் எங்கே என்று கேட்டீர்கள். ஊசல் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது, வட்டத்துக்குப் பத்து நிமிடம், கீழடிக்கு ஒரு பீரியட், குறளுக்குத் தமிழாசிரியரின் அரை பீரியட். வருடத்துக்கு இவ்வளவே போதும். தேர்வுக்கும் கெடுதல் இல்லை. பிழை எங்கே நுழைந்தது என்று தேடிப் பழகிய பிள்ளை நீட் கணக்கிலும் தேடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வுக்கு நீங்கள் வேறு பள்ளிகளுக்குப் புறத்தேர்வாளராகப் போவீர்கள் அல்லவா? அங்கே ஒரு பிள்ளை 9.6 என்று எழுதி, அது ஏன் வந்தது என்றும் சொல்லத் தெரிந்து நின்றால், தயவுசெய்து முழு மதிப்பெண் போடுங்கள். உடன் வரும் ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள். அந்த மதிப்பெண் நம் கையில் இருக்கும்வரை பிள்ளைகள் 9.8-ஐப் பின்னாலிருந்து எழுதுவதற்கு நாமே பொறுப்பு.